தோமையார் கதையில் மயிலும் மண்ணும்

இயேசு பெருமானின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமையார் மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்பது நெடுங்கால நம்பிக்கை. இதற்கு மூலமாகப் பலரும் காட்டுவது, கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிரியாக் மொழியில் எழுந்ததாக அறிஞர் கருதும் ‘தோமையார் பணிகள்’ என்னும் நூல். காட்டுவோர் பலர், கற்றோர் சிலர். கற்றால், மயிலாப்பூர் என்ற பெயரே அதில் இல்லை என்பது புலனாகும்.

ஆயினும் அது நல்ல கதைநூல். இந்தியா செல்லச் சீட்டு விழுந்தபோது, எபிரேயனாகிய தான் அங்கே எவ்வாறு போதிப்பது என மறுக்கிறார் தோமையார். இயேசுவோ தச்சனைத் தேடிவந்த வணிகன் ஒருவனுக்கு அவரை அடிமையாக விற்றுவிடுகிறார். குந்தபர் என்னும் மன்னன் அரண்மனை கட்டக் கொடுத்த பொன்னை எல்லாம் தோமையார் ஏழைகளுக்கு ஈந்துவிடுகிறார். சினந்த மன்னன் சிறையிலிட, அன்றிரவே அவன் தம்பி இறந்து, விண்ணுலகில் அண்ணனுக்கென எழும்பி நிற்கும் மாளிகையைக் கண்டு, அதை விலைக்குக் கேட்க உயிர்த்து வருகிறான்! ஈகையை இத்துணைச் சுவைபடச் சொன்ன கதைகள் மிகுதியாக இல்லை.

குந்தபரைக் கற்பனை மன்னன் என்றே ஒருகாலத்தில் எண்ணினர். 19ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த காசுகள் காபூல், பஞ்சாப் பகுதிகளில் கிடைத்தன. அவன் முதல் நூற்றாண்டினன். ஆண்டது வடமேற்கு எல்லை. தோமையாரைக் கொல்விக்கும் மன்னன் பெயரோ மஸ்தாய். அவன் சுற்றத்தார் மிக்தோனியா, காரிஷ். ஒன்றேனும் தமிழ்ப்பெயரன்று. காசு கிடைத்ததால் கதை முழுதும் மெய்யாகிவிட்டது என்பார் இதனை எண்ணிப் பார்த்திலர். முசிறிக்கு யவனக் கலங்கள் வந்த காலம் அது. ஆதலின் அவர் தென்னாடு வந்திருத்தல் கூடாததன்று. கூடும் என்பதே நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகுமா?

இவ்வினாவைக் கடந்து சென்றோரும் உளர். 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையர், வள்ளுவர் கிறித்தவ ஆசிரியர்களோடு மயிலைக் கடற்கரையில் உலவியதாகக் கற்பனை செய்தார். வள்ளுவரைப் பிற்காலத்தவர் எனக் கொண்ட அவர், தோமையாரை அங்கே நிறுத்தவில்லை. பின்வந்த சிலரோ தோமையாரையே வள்ளுவர்க்கு ஆசிரியராக்கினர். கற்பனை என்று தொடங்கியது வகுப்பறையில் வரலாறாக ஓதப்படுமாயின், குறளுக்கும் இழுக்கு, தோமையார்க்கும் இழுக்கு.

கதை தமிழ் மண்ணில் வேரூன்றியதைக் காண மார்க்கோ போலோவிடம் செல்லவேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் கேட்ட கதையில் மஸ்தாய் இல்லை, அவன் ஏவிய ஈட்டி வீரர் நால்வரும் இல்லை. காட்டில் மயில்கள் சூழத் தோமையார் வழிபட்டுக்கொண்டிருக்கிறார். மயிலைக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறி அவர்மேல் பாய்கிறது. மயிலையின் மயில் கதைக்குள் புகுந்துவிட்டது! இது சிரியாக் ஆசிரியர் அறியாத மயில். நம்மவர் சேர்த்தது என்றே கொள்ளலாம்.

மண் ஒன்றே இரண்டிலும் உண்டு. பழைய நூலில், மகனுக்குப் பிணி தீர மஸ்தாய் கல்லறையைத் திறக்கிறான். எலும்புகளை முன்னரே மேற்றிசைக்குக் கொண்டுசென்றுவிட்டனர். எஞ்சிய புழுதியை அள்ளிச் சென்று மகனுக்கு இடுகிறான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து, தோமையார் மாண்ட இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர் எடுத்துச் சென்று, நீரிற் கரைத்துக் காய்ச்சற்காரர்க்குக் கொடுத்தனர் என்று எழுதுகிறார் மார்க்கோ போலோ.