தோலோடு ஒரு கோழி

கோழியின் தோலை உரித்துவிட்டால் அதனிடம் விசாரிக்க எதுவும் மிஞ்சாது. காய்ந்த தரையில் நடந்ததா, ஈரத்தில் கிடந்ததா, பிடிக்கும்போது முரட்டுத்தனமாகப் பிடித்தார்களா, அறுத்த பிறகு எவ்வளவு நேரம் தண்ணீரில் மிதந்தது என்பதையெல்லாம் சொல்வது தோல்தான். நாவலூரிலிருந்து படூர் தாண்டி கேளம்பாக்கம் வரைக்கும் சென்னையின் ஓ.எம்.ஆரில் முளைத்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளின் குளிர்ப்பெட்டியில் அடுக்கியிருக்கும் கோழி பெரும்பாலும் தோல் நீக்கியது. பாதி எலும்பும் நீக்கியது. தட்டு சுத்தமாக இருக்கிறது, மேலே பிளாஸ்டிக் தாள் இழுத்து ஒட்டியிருக்கிறது, எடையும் தேதியும் அச்சாகியிருக்கின்றன. கறியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது மட்டும் அதில் இல்லை.

இதை வைத்து நான் பிராய்லரை ஒதுக்குகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவை எட்டும் பறவை அது. ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்ற பேச்சு இன்றும் நம் தெருக்களில் இருக்கிறது, அது உண்மையில்லை. அந்த வளர்ச்சி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த இனத்தில் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி வகைகளை ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 56-ம் நாளில் 1957 வகை 905 கிராம்; 2005 வகை 4,202 கிராம். தீவனம் ஒன்றேதான். கவலைப்பட வேண்டியது வேறொன்று: கூட்டத்தில் வளரும் கோழிக்கு நோய் வராமல் இருக்கக் கொடுக்கும் ஆன்டிபயாடிக். மனிதர்களுக்குக் கடைசிக் கைத்துணையாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் தடை போட்டதே 2019 ஜூலையில்தான்.

தமிழ்நாட்டின் பிராய்லருக்குத் தலைநகரம் பல்லடம். உடுமலைப்பேட்டையில் 1984-ல் தொடங்கிய சுகுணா நிறுவனம், குஞ்சும் தீவனமும் தான் கொடுத்து, வளர்ப்பை விவசாயியிடம் ஒப்படைக்கும் ஒப்பந்த முறையைப் பரப்பியதிலிருந்து கொங்கு மண்ணில் கோழிக் கொட்டகை இல்லாத ஊர் குறைவு. குளிர்ப்பெட்டியில் இருப்பதும் கோவளம் சாலைக் கறிக்கடைக் கூண்டில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே வகைப் பறவைதான். ருசி பிரிவது அறுத்த பிறகு நடக்கும் சில மணி நேரத்தில்.

பெரிய கூடங்களில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கோழி அறுபடும். சூட்டைச் சீக்கிரம் தணிக்க அவற்றைப் பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் முக்குவது ஒரு முறை. குளிர்காற்று வீசித் தணிப்பது இன்னொரு முறை. தொட்டியில் முக்கிய கோழி தண்ணீரைக் குடிக்கும். தட்டின் அடியில் வெள்ளையாக ஒரு பஞ்சுத் துண்டு வைத்திருப்பது அந்தத் தண்ணீரை உறிஞ்சத்தான். வீட்டில் வாணலியில் போட்டவுடன் மிச்சம் வெளியே வரும். வறுவலுக்கு என்று வாங்கிய கறி தன் தண்ணீரிலேயே வெந்து, வெளிறி, சிவக்காமல் கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடுப்பைக் குறை சொல்வார்கள், மசாலாவைக் குறை சொல்வார்கள். உறைய வைத்த கோழியென்றால் எலும்பைச் சுற்றிக் கறுத்திருக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் கிடையாது. இளங்கோழியின் எலும்பு நுண்துளை நிறைந்தது. உறைந்து உருகும்போது மஜ்ஜையின் நிறம் வெளியே கசிகிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, கண்ணுக்குத்தான் உறுத்தும்.

குளிர்ப்பெட்டிக்கு உரிய மரியாதையையும் கொடுத்துவிட வேண்டும். மே மாதத்தில் இந்தக் கடலோர வெக்கையில், காலை அறுத்த கறி பதினொரு மணிவரை கொக்கியில் தொங்கினால் அதை வாங்கவே கூடாது. 4 டிகிரிக்குக் கீழே இடைவிடாமல் வைத்திருந்த தட்டு அதைவிட ஆயிரம் மடங்கு மேல். மதியத்துக்கு மேல், திடீரென்று விருந்தாளி வந்து வாங்க வேண்டியிருந்தால் நானும் அங்கேதான் போவேன். போனால் பார்க்க வேண்டியவை சில உண்டு. நெஞ்சுக்கறியில் நார் ஓடும் திசையிலேயே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரிந்தால், பனியனில் நூல் தையல் ஓடினமாதிரி இருக்கும், அது தாங்கமுடியாத வேகத்தில் வளர்ந்த பறவையின் தசை. கொழுப்பு புகுந்த இடம். விரலால் அழுத்தினால் கட்டையாக எதிர்த்தால் அதுவும் அதே கதைதான், எவ்வளவு வேக வைத்தாலும் சவக்சவக்கென்று இருக்கும். தோலோடு தொடை கிடைத்தால் அதன் கீழ் நுனியில் கணுக்கால் மூட்டைப் பாருங்கள். அங்கே பழுப்பாக, தீய்ந்த மாதிரி ஒரு தடம் இருந்தால் அந்தக் கோழி ஈர எச்சத்தின் மேலேயே உட்கார்ந்து நாளைக் கழித்திருக்கிறது. எச்சத்தின் அமோனியா சுட்ட தடம் அது. தடமில்லாத தொடை ஒரு பண்ணைக்காரர் கொட்டகைத் தரையைக் கிளறி உலர வைத்தார் என்பதற்குச் சாட்சி. அந்த உழைப்புக்கு நான் காசு கொடுக்கத் தயார்.

கேளம்பாக்கம் சந்திப்பிலிருந்து கிழக்கே திரும்பினால் கோவளம் சாலை. உப்பளக் காற்று முகத்தில் அடிக்கும் பக்கம். கோவளத்தில் தமீம் அன்சாரி தர்கா இருக்கிறது, கடலோரத்தில் மாதா கோயில் இருக்கிறது. கறி தின்னத் தெரிந்த ஊர். இந்தப் பக்கத்துக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் வரிசை நீண்டுவிட்டால் வெட்டுகிறவருக்குப் பொறுமை போய்விடும், அவர் மேல் தப்பில்லை.

"குழம்புக்கா சார், வறுவலுக்கா?"

"குழம்புக்குத்தான் பாய். தோலோட கொடுங்க."

தோலோடு என்றதும் சில கடைகளில் முகம் சுருங்கும். உரிப்பது நொடி வேலை. இறகோடு சேர்த்துத் தோலைச் சட்டையாகக் கழற்றி எறிந்துவிடலாம். தோல் வேண்டும் என்றால் வெந்நீரில் முக்க வேண்டும். அந்த வெந்நீரில்தான் கைப்பதம் இருக்கிறது. 60 டிகிரிக்கு அதிகம் போனால் தோல் வெந்து கிழியும். குறைந்தால் இறகு வேரோடு வராது. தெரிந்தவர் காலைப் பிடித்து முக்கி, நாலு முறை அலைத்து, இறக்கையில் ஒரு பெரிய இறகை இழுத்துப் பார்ப்பார். சிரமமில்லாமல் வந்தால் உடனே ரப்பர் விரல்கள் சுழலும் டிரம்முக்குள் போய்விடும். வெளியே எடுத்து, மிச்சமிருக்கும் பூ மயிரை நெருப்பில் வாட்டி, மஞ்சள் தேய்க்கும்போது வரும் வாசனை ஒன்று இருக்கிறது. அந்த வாட்டலின் புகை தோலடிக் கொழுப்பில் ஏறி, குழம்பு கொதிக்கும்போது திரும்பி வரும். மசாலாக்காரர்கள் யாரும் பொட்டலத்தில் போட்டுக் கொடுக்க முடியாத வாசனை அது.

அடுத்து கட்டை. நல்ல கடையின் கட்டை புளியமரத்தில் இருக்கும். நார் பின்னிய மரம், வெட்டு விழுந்தாலும் சிலாம்பு கிளம்பாது. கடை மூடும்போது கட்டையைச் சுரண்டி, கல் உப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டுப் போகிறார்களா என்பதை ஒரு தடவை இரவில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையை அதற்கு மேல் சோதிக்க வேண்டியதில்லை.

வெட்டுவதில் இரண்டு சாதி உண்டு. ஒருவர் எண்ணிக்கைக்கு வெட்டுவார்: கோழியைப் படுக்க வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இறக்குவார். துண்டு ஒரே அளவில் இருக்கும். ஆனால் எலும்பு நடுவில் நொறுங்கி, ஊசி ஊசியாகக் குழம்பில் மிதக்கும். குழந்தைக்கு ஊட்டும்போது தாய் ஒவ்வொரு கவளத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டிவரும். இன்னொருவர் மூட்டுப் பார்த்து வெட்டுவார். தொடையை வெளிப்பக்கம் மடக்கி மூட்டு எங்கே விலகுகிறதோ அங்கே கத்தியின் நுனியை மட்டும் ஓட்டுவார், சத்தமே வராது. இறக்கையைத் தோளோடு நெஞ்சுக்கறி கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி எடுப்பார். முதுகின் இரண்டு பக்கமும் குழியில் பதுங்கியிருக்கும் சின்னக் கறித்துண்டை விட்டுவிடாமல் தொடையோடு சேர்த்து எடுக்கிறாரா என்று கவனியுங்கள். கோழியில் அதைவிட ருசியான இடம் இல்லை. அவசரத்தில் வெட்டுகிறவர் கையில் அது முதுகெலும்போடு போய்விடும். நெஞ்சை மட்டும் எலும்போடு நாலாக ஓங்கி இறக்குவார். அங்கே ஓங்கித்தான் ஆக வேண்டும். இரண்டு கிலோ உயிர் எடைக் கோழி அவர் கையில் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூலியில் ஒரு வித்தியாசமும் கிடையாது என்பதுதான் எனக்கு மனவருத்தம். இந்தக் கைக்கு நாம் இன்னும் தனியாக விலை வைக்கவில்லை.

வாங்கும்போது கூண்டையும் பாருங்கள். எழுந்து நிற்கிற, கண் தெளிந்த, பின்புறத்தில் எச்சம் ஒட்டாத கோழி. பாதத்தின் அடியில் கறுத்த புண் இல்லாதது. இரண்டரை கிலோவைத் தாண்டியதை விட்டுவிட்டு ஒன்றே முக்கால், இரண்டு கிலோ அளவில் கேட்பது நல்லது. சின்னக் கோழியில் நார் மெல்லியது, மசாலா எலும்புவரை போகும். புரட்டாசியில் போனால் இன்னும் வசதி. பாதி ஊர் கறியை நிறுத்திவிடும், பல்லடத்தில் விலை இறங்கும், கட்டைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். அந்த மாதத்தில் சொல்லி வைத்த பழக்கம் தீபாவளிக் கூட்டத்தில் உதவும்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் ஏற்றாதீர்கள். அறுத்த கொஞ்ச நேரத்தில் தசை விறைக்கும். அந்த விறைப்பு விடுவதற்கு நாலைந்து மணி நேரம் வேண்டும். அதற்கு முன் எலும்பிலிருந்து பிரித்த நெஞ்சுக்கறி சுருங்கி இறுகிப்போகும் என்பது கோழித் தொழிலில் இருப்பவர்களுக்குப் பால பாடம். ஏழு மணிக்கு வாங்கி, மஞ்சளும் உப்பும் பிசறி, மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, பதினொன்றரைக்கு வெங்காயம் வதக்க ஆரம்பிக்கிற நம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் கறியின் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதை மாற்ற வேண்டாம்.

அதே சந்திப்பிலிருந்து மேற்கே போகும் வண்டலூர் சாலை நாட்டுக்கோழிக்கு. புதுப்பாக்கம், மாம்பாக்கம் என்று போகப் போக அடுக்குமாடிகளுக்கு நடுவில் இன்னும் வீட்டு வாசலில் கோழி மேய்கிற தெருக்கள் உண்டு. நம் பக்கத்துப் பழைய பிரிவு சிறுவிடை, பெருவிடை என்று. சிறுவிடை ஒன்றரை கிலோவை எட்டுவதற்கே நாலைந்து மாதம் வேண்டும். சாலையோரப் பலகைகளில் நாட்டுக்கோழி என்று எழுதியிருப்பதில் நிறைய, கலப்பினம். வனராஜா, கிராமப்பிரியா வகைகள் ஹைதராபாத்தில் புறக்கடை வளர்ப்புக்காக உருவாக்கியவை. நல்ல கோழிகள்தான், அதை அந்தப் பெயரிலேயே விற்கலாமே. பிரான்சில் சிவப்பு முத்திரை குத்திய கோழி குறைந்தது 81 நாள் வளர்ந்திருக்க வேண்டும் என்று விதி. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் கோழிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் சிறுவிடைக்கும் வயதும் ஊரும் சொல்லும் ஒரு முத்திரை வேண்டும். வாங்குகிறவர் பலகையை நம்பாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

முத்திரை வரும்வரை கைதான். நெஞ்செலும்பின் வால் நுனியை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இளசு. வெடக்கோழி என்று ஊரில் சொல்வது அதைத்தான், இன்னும் முட்டையிடத் தொடங்காதது. விறைத்து நின்றால் வயதானது, அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம், வறுவலுக்கு ஆகாது. கால் மெலிந்து, செதில் அழுத்தமாக, நகம் தேய்ந்திருந்தால் மண்ணைக் கிளறிய கோழி. நெஞ்சு கத்தி முனையாக ஒடுங்கியிருக்கும். அகன்று கொழுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். வளர்க்கவே ஆசைப்படுகிறவர்கள் வண்டலூர் போய் ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பி, பொத்தேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்துக்குப் போகலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கின்றன.

நாட்டுக்கோழியின் சுவை அதன் நாட்களில் இருக்கிறது. ஓடியாடிய தசையில் இணைப்புத் திசு கெட்டிப்பட்டிருக்கும். மெல்ல வேகும்போது அது கரைந்து குழம்பை உதட்டில் ஒட்ட வைக்கும். அதனால் இதைத் துண்டு சின்னதாக, எலும்பு நிறைய வெட்டச் சொல்ல வேண்டும். சின்ன வெங்காயம், வரமல்லி, மிளகு, சீரகம் வறுத்து அரைத்தது போதும். தேங்காய் போடுகிறவர்கள் கடைசியில் போடுங்கள், கரைந்த அந்தப் பசைக்கு மேல் தேங்காய் ஏறி உட்காரக் கூடாது. முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து வெந்ததாகச் சொன்னால் நான் அதை வெடக்கோழி என்று எடுத்துக்கொள்வேன், இல்லையென்றால் கலப்பினம்.

கழுத்து, முதுகு, கால் மூன்றையும் கடையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். கேட்டு வாங்குங்கள், விலைக்குள் அடங்கியதுதான். காலை நெருப்பில் சுட்டால் மேல்தோல் கையுறையாகக் கழன்றுவரும், நகத்தை வெட்டி எறிந்துவிட்டு, கழுத்தோடும் முதுகோடும் சேர்த்துத் தட்டிய இஞ்சி, பூண்டு, மிளகு போட்டு ஒரு மணி நேரம் சிறுதீயில் வையுங்கள். திங்கட்கிழமை காலை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது கெட்டித் தயிர்ப் பதத்தில் உறைந்திருந்தால் கோழியும் கடையும் நல்லவை. அடுத்த ஞாயிறும் அங்கேயே போகலாம்.