வளர்வது யார்? – 2019இன் வீடியோ விளையாட்டுகளை முன்வைத்து

வருஷக் கடைசியில் போடப்படும் 'சிறந்த பத்து' பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. டிசம்பரில் பட்டியல் போடுகிறவனுக்கு நவம்பரில் விளையாடியது பசுமையாக இருக்கும். மார்ச்சில் விளையாடியது மங்கியிருக்கும். விளம்பர இரைச்சலும் அப்போது ஓய்ந்திருக்காது. எனவே 2019ஆம் வருஷத்தின் பட்டியலை நான் இப்போது போடுகிறேன். அந்த வருஷம் விளையாடியவற்றில் பெரும்பாலானவை பெயர்கூட நினைவில் தங்காமல் உதிர்ந்துவிட்டன. நான்கு மிஞ்சின. அவற்றில் ஒன்றை மரியாதையோடு ஒதுக்கி வைக்கிறேன். மிச்சம் மூன்று. இந்த மூன்றில் ஒன்று, இலக்கியத்தில் நான் வெகுகாலமாக நம்பிவந்த ஒரு அளவுகோலையே ஆட்டிவிட்டது. அதைச் சொல்வதுதான் என் நோக்கம். பட்டியல் ஒரு சாக்கு.

வீடியோ விளையாட்டு கலையா என்ற கேள்வியை இங்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சினிமாவைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டு நாம் வீணாக்கிய வருஷங்கள் போதும். ஆனால் இந்தச் சாதனத்துக்கே உரிய குணம் என்ன என்று கேட்டாக வேண்டும். நாவலில் பாத்திரம் செய்வதை நான் பார்க்கிறேன். விளையாட்டில் நான் செய்கிறேன். செய்ததற்கு அந்த உலகம் ஒரு விதியின்படி பதில் தருகிறது. ஆக, இங்கே விதிதான் உருவம். கதை, சித்திரம், சங்கீதம் எல்லாம் மற்றக் கலைகளிடம் இரவல் வாங்கியவை. விதிக்குள் அனுபவம் இல்லையென்றால் இரவல் நகை எவ்வளவு ஜொலித்தாலும் பயனில்லை.

ஜனரஞ்சக விளையாட்டுகள் ஒரே ஒரு ஆசைக்குத் தீனி போடுகின்றன: வளர்ச்சி. கொன்றால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் அடுத்த படி, படி ஏறினால் இன்னும் கூர்மையான வாள். அறுபது மணி நேரம் கழித்து என் பாத்திரம் நாற்பதாவது படியில் நிற்கிறது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேன். முதல் மணியில் எந்தப் பொத்தானை எப்படி அழுத்தினேனோ அப்படியேதான் அறுபதாவது மணியிலும். எண் ஏறியது, ஆள் ஏறவில்லை. ஒரு விளையாட்டு முடியும்போது வளர்ந்திருப்பது யார் என்று கேட்டால் பெரும்பாலானவற்றின் சாயம் வெளுத்துவிடும்.

ஒதுக்கி வைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்துக்காக ஹிடெடாகா மியாசாகி இயக்கிய 'செக்கிரோ' 2019 மார்ச்சில் வந்தது. அந்த வருஷ டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' நிகழ்ச்சியில் வருஷத்தின் சிறந்த விளையாட்டு என்ற பரிசையும் பெற்றது. தகுதியற்ற பரிசு என்று சொல்லமாட்டேன். எதிரியின் வாள் விழும் அந்தக் கணத்தில் என் வாளை உயர்த்த வேண்டும்; சற்று முந்தினாலும் பிந்தினாலும் அடி என் மேல். ஒரே எதிரியிடம் நாற்பது முறை செத்து நாற்பத்தொன்றாவது முறை ஜெயித்தபோது வளர்ந்திருந்தது என் விரல்கள்தாம். இதற்கு ஒரு சுலப வழி வேண்டுமா என்று அந்த வருஷம் பெரிய சர்ச்சை நடந்தது. என் தயக்கம் வேறு. கை கற்றுக்கொண்டது, கையோடு அது நின்றுவிட்டது. சிலம்பம் கற்றவனுக்குக் கிடைக்கும் திருப்தி அது. உயர்ந்த திருப்திதான். ஆனால் நான் தேடுவது அதற்கு அப்பால் இருக்கிறது.

முதலாவது, 'பாபா இஸ் யூ'. பின்லாந்துக்காரரான ஆர்வி டெய்காரி 2017இல் நார்டிக் கேம் ஜாமில், 48 மணி நேரத்துக்குள் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். முழு வடிவம் 2019 மார்ச்சில் வந்தது. பார்வைக்குக் குழந்தை விளையாட்டு. முயலா ஆடா என்று தீர்மானிக்க முடியாத ஒரு வெள்ளைப் பிராணி கட்டங்களில் நகர்ந்து கட்டைகளைத் தள்ளுகிறது. ஆனால் அந்தக் கட்டைகள் சொற்கள். 'பாபா இஸ் யூ' என்று மூன்று கட்டைகள் வரிசையாக நிற்கும்வரைதான் பாபா நான். 'சுவர்', 'இஸ்', 'தடை' என்று நிற்கும்வரைதான் சுவர் என்னைத் தடுக்கும். அந்த வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லைத் தள்ளிவிட்டால் சுவருக்குள் நடந்து போகலாம். 'சுவர் இஸ் யூ' என்று மாற்றினால் திரையிலுள்ள சுவர்களெல்லாம் நானாகி ஒன்றாக நகர்கின்றன. அவசரப்பட்டு 'யூ' என்ற கட்டையை விலக்கிவிட்டால்? அந்த உலகத்தில் நான் இல்லை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் என் விரலுக்கு எதுவும் அசைவதில்லை. முதல் முறை அப்படி ஆனபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

மொழி உலகை வர்ணிப்பதில்லை, உண்டாக்குகிறது என்று தத்துவம் படித்த நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தலையாட்டியிருக்கிறேன். இங்கே அதை என் கையால் செய்தேன். தமிழில் இதைச் செய்ய முடியுமா என்றும் யோசித்தேன். 'பாபா நீ', 'சுவர் தடை' என்று நாம் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். இரண்டையும் கட்டும் 'இஸ்' நம்மிடம் வெளியே தெரிவதில்லை. ஆங்கிலத்தில் அது தனிக் கட்டை; தள்ளி அப்புறப்படுத்தலாம். தமிழில் எதைத் தள்ளுவது? என் மொழியில் அந்த 'இருப்பு' சொல்லப்படாமலே நிற்கிறது என்பதை இலக்கணப் புத்தகம் எனக்கு உணர்த்தவில்லை. இந்த வெள்ளைப் பிராணி உணர்த்தியது. விளையாட்டின் குறை, அளவு. இருநூறுக்கு மேற்பட்ட புதிர்கள். பிற்பகுதியில் வியப்பு தேய்ந்து வெறும் சாமர்த்தியம் மிஞ்சுகிறது.

இரண்டாவது, 'டிஸ்கோ எலிசியம்'. 2019 அக்டோபரில் வந்தது. எஸ்டோனியாவில் பிறந்த ஜா/உம் குழுவின் படைப்பு. தலைமை வகித்த ராபர்ட் குர்விட்ஸ் இதே கற்பனை உலகை வைத்து 2013இல் எஸ்டோனிய மொழியில் ஒரு நாவல் எழுதினார், அது விற்கவில்லை. விற்காத நாவலிலிருந்து எழுந்த விளையாட்டு இது என்பதை நம் சிறுபத்திரிகைக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறிவாளன், தங்கும் விடுதி அறை ஒன்றில் விழிக்கிறான். விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஒரு பிணம் பல நாட்களாகத் தொங்குகிறது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம். நகரம் ரெவஷோல்; அங்கே புரட்சி ஒன்று நடந்து, தோற்று, அன்னியக் கூட்டணியின் ஆளுகை நீடிக்கிறது. சண்டைக்கான வாளோ படியோ இல்லை; இருப்பதெல்லாம் பேச்சு. அவனுக்குள் இருபத்துநான்கு திறன்கள், இருபத்துநான்கு குரல்களாகப் பேசுகின்றன. தர்க்கத்துக்கு ஒரு குரல், பரிவுக்கு ஒன்று, போதைக்கும் காமத்துக்கும் ஒன்று, யாரும் கேட்காத தகவல்களைக் கொட்டும் கலைக்களஞ்சியத்துக்கு ஒன்று.

இங்கேயும் எண்கள் உண்டு. இரண்டு பகடைகள் உருளுகின்றன. அப்படியானால் என் அளவுகோலின்படி இது தோற்க வேண்டும். தோற்கவில்லை. காரணம், எந்தத் திறன் வளர்கிறதோ அந்தக் குரல் அவனை ஆட்டிவைக்கத் தொடங்குகிறது. அறிவு கூடியவன் அறிவாலேயே ஏமாறுகிறான். எண் ஏறுவது இங்கே வளர்ச்சி அல்ல, ஒரு வகை நோய். மாறாக, பகடை கைவிடும் இடங்களில்தான் படைப்பு தன் மனிதர்களைக் காட்டுகிறது. விடுதியில் ஒரு சோகப் பாட்டைப் பாட முயன்றேன், பகடை ஏமாற்றிவிட்டது. வென்றிருந்தால் கைதட்டல். தோற்றதால் ஒரு மனிதன் தெரிந்தான். கூடவே வரும் கிம் கிட்சுராகி என்ற அதிகாரி அதிகம் பேசாதவர், குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அவர் முன்னால் அசிங்கமாக நடந்துகொள்ளும் ஒரு வாய்ப்பைத் திரை எனக்குக் கொடுத்தபோது நான் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, புள்ளியும் குறையாது. இல்லாத ஒரு மனிதரிடம் எனக்கு வெட்கமாக இருந்தது.

குறைகள் உண்டு. சொற்கள் மிகை, தன் வாக்கியங்களின் மேல் ஆசிரியர்களுக்கே மோகம். குற்றவாளி யார் என்ற விடை, நாம் அதுவரை தேடிய தளத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. ஆனால் தோல்வியைப் பற்றிய ஒரு படைப்புக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. 2019இல் பரிசு மேடையில் இவர்கள் மார்க்ஸுக்கும் எங்கெல்ஸுக்கும் நன்றி சொன்னார்கள். குர்விட்ஸ் உள்ளிட்ட முக்கியப் படைப்பாளிகள் மூவர் அந்த நிறுவனத்திலேயே இல்லை என்ற செய்தி 2022இல் வெளிவந்தது. மூலதனம் தன்னைப் பழிப்பவனையும் விழுங்கிச் செரித்துவிடும் என்று சொன்ன படைப்புக்கு நேர்ந்தது இது. மேலே சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

மூன்றாவது, 'அவுட்டர் வைல்ட்ஸ்'. பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். 2019 மே மாதம் வந்தது. மோபியஸ் டிஜிட்டல் என்ற சிறு குழு. இயக்கிய அலெக்ஸ் பீச்சம், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது தொடங்கியது. 2020இல் பிரிட்டனின் பாஃப்டா இதைச் சிறந்த விளையாட்டாகத் தேர்ந்தது.

ஒரு சின்னஞ்சிறு சூரிய மண்டலம். நெருப்புக்கு அருகில் விழிக்கிறேன். மரக்கட்டையும் தகரமும் சேர்த்துக் கட்டிய விண்கலம் ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டு நிமிஷங்கள் கழித்துச் சூரியன் வெடிக்கிறது, எல்லோரும் சாகிறோம். மறுபடியும் அதே நெருப்புக்கு அருகில் விழிக்கிறேன். இரட்டைக் கிரகங்கள்: ஒன்றிலிருந்து மணல் மற்றதில் கொட்டுகிறது, நிமிஷம் போகப் போக ஒன்றில் வழி மூடுகிறது, மற்றதில் வழி திறக்கிறது. இன்னொரு கிரகத்தின் ஓடு துண்டு துண்டாக உடைந்து, அதன் நடுவிலிருக்கும் கருந்துளைக்குள் விழுகிறது. நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இவை நடந்துகொண்டிருக்கின்றன. வெகுகாலத்துக்கு முன் அழிந்துபோன நோமாய் என்ற இனம் சுவர்களில் எழுதிவைத்தவற்றைப் படித்துக்கொண்டே போகிறேன்.

சாவி கிடையாது, புள்ளி கிடையாது, வாள் கிடையாது. கடைசி வாசல்கூட முதல் நாளிலிருந்தே எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எப்படிப் போவதென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சாகும்போது மிஞ்சுவது அறிந்தது மட்டுமே. என் அளவுகோலை இதைவிடச் சுத்தமாக நிறைவேற்றிய விளையாட்டை நான் பார்க்கவில்லை. வளர்ந்தது முழுக்க முழுக்க நான்.

இனி விளையாடப் போகிறவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிவிடலாம்.

சூரியனை யாரோ வெடிக்க வைக்கிறார்கள், கண்டுபிடித்துத் தடுத்துவிடலாம் என்றுதான் நானும் அலைந்தேன். நோமாய்கள் ஒரு காலத்தில் முயன்றதும் உண்மை. ஆனால் அந்த முயற்சி பலிக்கவில்லை. சூரியன் வயதாகிச் சாகிறது. அதோடு பிரபஞ்சமும். குற்றவாளி இல்லை. அதை வாசித்த அன்று விண்கலத்தை எங்கும் ஓட்டாமல் அப்படியே மிதந்துகொண்டிருந்தேன். எத்தனையோ நாவல்கள் எனக்குச் சாவைப் பற்றிச் சொல்லியிருக்கின்றன. ஆனால் தடுத்துவிடலாம் என்று பல நாட்கள் என்னையே ஓடவிட்டு, பிறகு, தடுக்க எதுவுமில்லை என்று எந்த நாவலும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். மறுவாசிப்பைத் தாங்குவதே இலக்கியம் என்பது நான் நம்பிவந்த அளவுகோல். ஒரு முறையில் தீர்ந்துபோவது பண்டம், தீராதது படைப்பு. இந்தப் பக்கங்களில் பலரை இந்தக் கோலால் நான் அடித்திருக்கிறேன். 'அவுட்டர் வைல்ட்ஸ்' ஒரே முறையில் தீர்ந்துவிடுகிறது. அறிவே சாவி என்றால் அறிந்தவனுக்குப் பூட்டு ஏது? 2021இல் மறுபடி தொடங்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் விடை கையில் இருந்தது. அரை மணியில் நிறுத்திவிட்டேன். அப்படியானால் இது வெறும் விடுகதைதானா? நான்தான் மயங்கினேனா?

பிறகு ஒரு விடுமுறையில் என் தங்கை மகன் இதை விளையாடினான். பக்கத்தில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் எல்லாவற்றையும் தவறான வரிசையில் செய்தான். மூன்றாம் நாள், சொந்தக் கிரகத்தின் நிலவில் இறங்கி, ஒலிவாங்கிக் கருவியை வானத்துப் பக்கம் திருப்பினான். வெவ்வேறு கிரகங்களில் தனித்தனியாகச் சிக்கிக் கிடக்கும் பயணிகள் ஆளுக்கொரு வாத்தியம் வாசிக்கிறார்கள்: ஒருவர் பான்ஜோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மத்தளம். கருவியைத் திருப்பத் திருப்ப ஒவ்வொன்றாகக் கேட்கும். அவன் சூரியன் வெடிக்கும்வரை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். "ஏண்டா, எங்கயும் போகலையா?" என்றேன். "இரு மாமா, இவங்க எல்லாரும் ஒரே பாட்டத்தான் வாசிக்கிறாங்க," என்றான்.

நான் அந்தக் கருவியை யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மட்டுமே உபயோகித்திருந்தேன். இருபத்திரண்டு நிமிஷம் சும்மா கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தோன்றவில்லை. விடை தெரிந்ததும் படைப்பு தீர்ந்துவிட்டதென்று சொன்னது என் அவசரம். தீர்ந்தது என் கேள்விகள். உலகம் அங்கேயே இருந்தது.

அளவுகோலை நான் தூக்கி எறிந்துவிடவில்லை. ஆனால் அதைப் பிடித்திருந்த கையைச் சந்தேகிக்கத் தொடங்கியிருக்கிறேன். மறுவாசிப்பைத் தாங்காமல் போவது எப்போதும் படைப்பாக இருக்க வேண்டியதில்லை. சில வேளைகளில் வாசகனாகவும் இருக்கலாம். இந்தக் கோலால் முன்பு நான் தள்ளிய சில புத்தகங்களை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.