பொதுக் கிணறும் பட்டாவும்

ஊரார் கூடி ஒரு கிணறு வெட்டுகிறார்கள். "யாரும் நீர் இறைக்கலாம்" என்று கல்லில் பொறித்தும் வைக்கிறார்கள். ஆனால் நிலத்தின் பட்டா ஒருவர் பெயரில் இருக்கிறது. அந்தக் கல்லை எத்தனை நாள் நம்பலாம்? கணிப்பொறி உலகிலும் இக்கேள்வி எழுந்தது.

மாங்கோடிபி என்பது தகவல்களைச் சேமித்துத் தேடித் தரும் ஒரு மென்பொருள். 2009-இல் வெளிவந்தது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இவ்வுரிமைகளைத் தந்தது அஃபெரோ பொது உரிமம். அதில் ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் மென்பொருளைத் திருத்தி, வலையமைப்பின் வழியே பிறர் பயன்படுத்தச் செய்தால், திருத்திய மூல நிரலை அவர்களுக்குத் தர வேண்டும்.

2018 அக்டோபரில் அந்நிறுவனம் எஸ்.எஸ்.பி.எல். என்னும் புதிய உரிமத்துக்கு மாறியது. காரணம் என்ன? கணிப்பொறி வசதியை வாடகைக்கு விடும் பெரிய நிறுவனங்கள் இத்தகைய மென்பொருள்களைச் சேவையாக விற்றுப் பணம் ஈட்டுகின்றன. உருவாக்கியவர்களுக்குப் போதிய கைம்மாறு செய்வதில்லை என்பது அதன் குறை. இக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. திருத்தாமல் விற்பவரிடம் பழைய உரிமம் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை.

ஆனால் மருந்து எப்படி? புதிய உரிமத்தின் 13-ஆம் பிரிவைப் பாருங்கள். மென்பொருளைச் சேவையாக அளிப்பவர், அதனுடன் இயங்கும் மேலாண்மை, கண்காணிப்பு, சேமிப்பு, நகலெடுப்பு மென்பொருள்கள் அனைத்தின் மூல நிரலையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டுமாம்! இவற்றுள் பல பிறருக்குச் சொந்தமானவை. அவற்றை இவர் எப்படி வெளியிடுவார்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. இது கட்டற்ற உரிமம் அன்று என 2019 ஜனவரியில் ஃபெடோரா குழுவினர் முடிவு செய்தனர். ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பும் 2021-இல் இது திறந்த மூல உரிமம் அன்று என அறிவித்தது.

சரி, நிறுவனத்தால் உரிமத்தை எப்படி மாற்ற முடிந்தது? இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. உரிமம் பெறுபவரைத்தான் கட்டுப்படுத்தும். பதிப்புரிமை உடையவரைக் கட்டுப்படுத்தாது. நிரலின் பெரும்பகுதியை நிறுவனத்தாரே எழுதினர். வெளியிலிருந்து எழுதியவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தம் பங்கின் மீது நிறுவனத்துக்கு உரிமை தந்திருந்தனர். பட்டா அதன் கையில் சேர்ந்துவிட்டது.

லினக்ஸ் கருவின் நிலை வேறு. அதன் பதிப்புரிமை பல ஆயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கிறது. அத்தனை பேரின் இசைவின்றி அதன் உரிமத்தை ஒருவர் மாற்றிவிட முடியாது. குழப்பமாகத் தோன்றும் அந்தச் சிதறலே அதற்குக் காவல்!

ஓர் ஆறுதல் உண்டு. பழைய உரிமத்தில் வெளிவந்த மாங்கோடிபி பதிப்புகள் இன்றும் அதே உரிமத்தில்தான் உள்ளன. அவற்றை எடுத்து வளர்க்க எவருக்கும் தடையில்லை.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் ஒரு பொது மென்பொருளுக்கு நாலு வரி எழுதிக் கொடுக்கலாம். அப்போது உரிமத்தை மட்டும் படித்து நின்றுவிடாதீர்கள். கையெழுத்திடும் ஒப்பந்தத்தையும் படியுங்கள். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.