ஒத்தாசை என்பது வேலையா?

பதினைந்து முதல் இருபத்தொன்பது வயதுவரை உள்ள இந்திய இளைஞர்களின் வேலையின்மை விகிதம் 2017-18இல் 17.8 சதவீதம். அடுத்த ஆண்டு 17.3. பிறகு 15. 2020-21இல் 12.9. 2022-23இல் 10. பி.எல்.எஃப்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு தரும் இந்த எண்களை வரிசையாக அடுக்கி, கொரோனாக் காலத்தில்கூட வேலைச் சந்தை நொறுங்கவில்லை, இளைஞர்களுக்கு வேலை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது என்று வாதிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அரசுத் தரப்பு அறிக்கைகள் மட்டுமல்ல, நான் மதிக்கும் பொருளியலாளர்கள் சிலரும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வரிசையைப் பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது. நாட்டின் உற்பத்தியே சுருங்கிய ஓர் ஆண்டில், ரயில் ஓடாமல் லட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பிய ஓர் ஆண்டில், இளைஞர் வேலையின்மை குறைந்ததாக ஓர் அளவுகோல் காட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவுகோலைத்தான்.

கணக்கெடுப்பின் நேர்மை மீது எனக்குக் குறையில்லை. 2017இல் தொடங்கிய இந்த ஆய்வு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றிருந்த பழைய நிலையை ஆண்டுதோறும் என்று மாற்றியது. 2025 முதல் மாதந்தோறும் வெளிவருகிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் களப்பணியாளர்களின் உழைப்பு பெரியது. முதல் அறிக்கை தாமதமானதும், அதையொட்டி 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் விலகியதும், தேர்தல் முடிந்து மே 31 அன்றுதான் அது வெளிவந்ததும் வேறு கதை. அதன்பின் அட்டவணைகள் ஒளிவுமறைவின்றி அச்சாகின்றன. நான் கீழே சொல்லப்போகும் எண்களில் பெரும்பாலானவை அந்த அட்டவணைகளிலிருந்தே வருபவைதான்.

என் மறுப்பு ஒன்றே ஒன்று. பல ஆண்டுகளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் அக்கா மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ஒப்பந்தப் பயிற்சியாளராக இருந்தான். 2019இல் வண்டி விற்பனை மாதத்துக்கு மாதம் சரிந்தபோது, முதலில் ஷிப்டைக் குறைத்தார்கள். ஆவணியில், “ஆர்டர் வந்ததும் கூப்பிடுறோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் கரிசல் எங்கள் ஊர். புரட்டாசியில் அத்தான் மக்காச்சோளம் விதைத்தார். அக்கா மகன் உரமூட்டை தூக்கினான், படைப்புழுவுக்கு மருந்தடித்தான், தையில் கதிர் ஒடித்தான். எல்லாம் சேர்ந்து நாற்பது நாற்பத்தைந்து நாள் இருக்கும். மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் அனுப்புவதும் தெரிந்தவர்களுக்கு போன் போடுவதும்தான். யாராவது விசாரித்தால் அக்கா, “அவங்க அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கான்” என்பாள். மகன் சும்மா இருக்கிறான் என்று எந்தத் தாய் சொல்வாள்?

இவனைக் கணக்கெடுப்பு எப்படிப் பதியும்? ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடியதால் அவனது முதன்மை நிலைக்கு 81 என்ற குறியீடு விழும், அதாவது வேலையில்லாதவர். அதோடு நின்றிருந்தால் சரி. ஆனால் ஆண்டில் முப்பது நாளோ அதற்கு மேலோ ஏதாவது தொழில் பார்த்திருந்தால் அது துணை நிலையாகப் பதிவாகும். குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உதவுபவருக்கு 21. முதன்மையும் துணையும் சேர்ந்த கணக்கில், அதாவது எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த ஆண்டு விகிதத்தில், 21 வந்து 81ஐ அழித்துவிடும். ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காமல், வருடத்தில் பத்து மாதத்துக்கு மேல் வேலை தேடிய பையன், வேலையில் இருப்பவர்களின் பத்தியில் போய் உட்கார்ந்துவிடுவான்.

நல்ல காலத்தில் இந்த விதி செய்யும் கேடு சிறியது. பொருளாதாரம் சரியும் காலத்தில்தான் அதன் முழுக் கேடும் வெளிப்படுகிறது. ஏனென்றால் சரிவு வரும்போது இந்திய இளைஞன் தெருவில் நிற்பதில்லை. அவனால் நிற்கவும் முடியாது. இங்கே வேலையிழந்த எல்லோருக்கும் மாதாமாதம் பணம் தரும் ஏற்பாடு இல்லை. தமிழகத்தில் 2006 முதல் உதவித்தொகை ஒன்று உண்டு. அதிலும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்தான். அதற்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே பையன் அப்பாவின் வயலுக்கும், மாமாவின் மளிகைக்கடைக்கும், அண்ணனின் டீக்கடைக்கும் திரும்புகிறான். நாலு பேர் பார்த்த வேலையை ஐந்து பேர் பார்க்கிறார்கள். விளைச்சல் கூடுவதில்லை, வியாபாரம் கூடுவதில்லை. விகிதம் மட்டும் இறங்குகிறது.

அது இறங்கும் விதம் எளிய கணக்கு. வேலை வேண்டும் என்றிருக்கும் நூறு இளைஞர்களில் பதினெட்டுப் பேருக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 18. அவர்களில் ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒத்தாசையாகப் போய்விட்டால் விகிதம் 13. கூடவே, கூலிக்கு ஆள் வைக்க முடியாமல் அக்காவையும் தங்கையையும் வயலுக்கு அழைத்தால் அவர்களும் வேலையில் இருப்பவர்களாகிவிடுவார்கள். வகுக்கும் எண் பெருகி விகிதம் இன்னும் இறங்கும். எங்கும் ஒரு சம்பள வேலைகூடப் பிறந்திருக்காது.

நடந்தது இதுதான் என்பதை அதே அறிக்கையின் அடுத்தடுத்த பக்கங்கள் சொல்கின்றன. வேலையில் இருப்பவர்களில் ஊதியமில்லாக் குடும்ப உதவியாளர்களின் பங்கு 2018-19இல் 13.3 சதவீதம். 2020-21இல் 17.3. 2023-24இல் 19.4. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 23.8இலிருந்து 21.1ஆகச் சரிந்து, 2023-24இல்கூட 21.7இல்தான் நிற்கிறது. வேளாண்மையில் இருப்போர் 42.5இலிருந்து 46.5 சதவீதமானார்கள். இருபது ஆண்டுகளாக மண்ணைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த ஒரு நாடு மறுபடி மண்ணுக்குத் திரும்பியது. வளர்ச்சியின் நூல்கள் எதிலும் இதற்கு முன்னேற்றம் என்று பெயரில்லை. இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் ‘வேலையின்மை குறைந்தது’ என்ற ஒற்றை வரியை மேடையில் வாசிக்கிறார்கள்.

இன்னொரு சான்றும் உண்டு. பொதுமுடக்கம் விழுந்த 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில், நகரங்களில் ‘கடந்த ஏழு நாளில் என்ன செய்தீர்கள்’ என்று கேட்கும் வாரக் கணக்கின்படி, வேலை வேண்டும் என்றிருந்த இளைஞர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலையில்லை: 34.7 சதவீதம். இந்தக் காலாண்டு 2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரையிலான கணக்காண்டுக்குள் வருகிறது. அந்த ஆண்டின் மொத்த விகிதமோ, அனைத்து வயதினருக்கும் சேர்த்து, முந்தைய ஆண்டின் 5.8இலிருந்து 4.8ஆகக் குறைந்தது. விடுதலைக்குப் பின் இந்த நாடு கண்ட மிக மோசமான மூன்று மாதங்களை உள்ளடக்கிய ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டைவிட நல்ல ஆண்டாகக் கணக்கில் நிற்கிறது. இதைப் படித்தபின்னும் ஒருவர் ஆண்டு விகிதத்தைச் சரிவுக்காலத்தின் அளவுகோலாக வைத்து வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜோன் ராபின்சன் 1936லேயே இதைப் பார்த்துவிட்டார். பெருமந்தக் காலத்து லண்டனில், ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஸ்ட்ராண்ட் வீதியில் தீப்பெட்டி விற்பதைச் சுட்டி, இதுவும் வேலையின்மைதான், வேடமிட்ட வேலையின்மை என்று எழுதினார். பிரிட்டனில் அது ஓரங்களில் நடந்தது. இந்தியாவில் அதுவே நடுமையம். ஸ்பெயினையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2013இல் அங்கே இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரின் வேலையின்மை 55 சதவீதத்தைத் தொட்டது. உலகமே அதிர்ந்தது, அந்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம், படிப்போ வேலையோ விட்ட நான்கு மாதத்துக்குள் ஒவ்வோர் இளைஞருக்கும் வேலையோ பயிற்சியோ மேற்படிப்போ தருவதாக இளைஞர் உத்தரவாதத் திட்டம் ஒன்றை ஏற்றது. வாரத்தில் ஒரு மணிநேரம் உழைத்தாலே வேலையில் இருப்பவர் என்னும் உலக விதிதான் ஸ்பெயினிலும். ஆனால் அங்கே பையன் திரும்பிப் போக அப்பாவின் ரெண்டு ஏக்கர் கரிசல் இல்லை. அதனால் அவன் துயரம் எண்ணாகத் தெரிந்தது. எண்ணாகத் தெரிந்ததால் பணம் ஒதுக்கப்பட்டது. அந்தத் திட்டம் சொன்னதையெல்லாம் செய்துவிடவில்லை. ஆயினும் இப்படியொன்று வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கிவைத்தது அந்த எண்.

இதற்கு வழக்கமாக வரும் பதில் இரண்டு. நாட்டு வருமானக் கணக்கில் சேரும் எந்த உற்பத்திக்கும் பின்னால் உள்ள உழைப்பைக் கணக்கில் சேர்க்கத்தானே வேண்டும் என்பது ஒன்று. சரி. அந்தக் கணக்குக்கு அது வேண்டும். ஆனால் ‘உற்பத்தியில் யார் யார் கை பட்டது’ என்ற கேள்விக்குக் கிடைத்த விடையை, ‘இளைஞனுக்கு வேலை கிடைத்ததா’ என்ற கேள்விக்கு விடையாகத் தருவது தவறு. முப்பது நாள் விதி இருப்பதால்தான் கிராமத்துப் பெண்களின் உழைப்பு கணக்கில் தெரிகிறது என்பது இரண்டாவது. அது மெய். நாற்று நடுவதும் களை எடுப்பதும் மாடு பார்ப்பதும் உழைப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பெண்ணின் உழைப்புக்கு மதிப்புத் தர விரும்புகிறவர்கள் அவளது கூலியைப் பற்றியல்லவா முதலில் பேச வேண்டும்? ஊதியமில்லாமல் உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை ஏறியதைப் பெண்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று கொண்டாடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தவறான அளவு தவறான மருந்தில்தான் முடியும். விகிதம் 10 என்றால், வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குத்தான் தகுதி போதவில்லை என்ற முடிவுக்கு வருவது சுலபம். 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை, பணிக்குத் தகுதியுள்ள இளைஞர்கள் 51.25 சதவீதம்தான் என்ற ஒரு மதிப்பீட்டை எடுத்துச் சொன்னது. 2024-25 நிதிநிலை அறிக்கை, ஐந்தாண்டில் ஒரு கோடிப் பேருக்கு மாதம் 5,000 ரூபாயில் பெருநிறுவனங்களில் உள்ளகப் பயிற்சி என்றது. 2015 முதல் திறன் மேம்பாட்டுத் திட்டம் ஓடுகிறது. பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. என் அக்கா மகனுக்கு லேத் ஓட்டத் தெரியும், சி.என்.சி. தெரியும். ஆலை அவனை அனுப்பியது அவனுக்குத் தெரியாததால் அன்று, வண்டி வாங்க ஆளில்லாததால். தேவை வற்றிய காலத்தில் நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தால் வரிசையில் யார் முன்னே நிற்பது என்பது மாறும். வரிசையின் நீளம் மாறாது.

சம்பளத்துக்கான பசி எவ்வளவு என்று அறிய வேறிடங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அனைத்து வயதினருக்குமான விகிதம் 4.2 என்று இறங்கிய அதே 2020-21இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் 389 கோடி மனித நாட்கள் பதிவாயின. அதற்கு முன் எந்த ஆண்டும் அவ்வளவு இல்லை. 2022இல் தமிழக அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கணக்கெடுப்பின் கண்ணுக்கு மாணவர்கள், அல்லது வேலையில் இருப்பவர்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட அறிக்கை, பட்டம் பெற்ற இளைஞர்களின் வேலையின்மை 29.1 சதவீதம் என்றும், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களுக்கு அது 3.4 என்றும் காட்டியது. படிக்காதவன் வயலுக்கோ சித்தாள் வேலைக்கோ போய் மறைகிறான். படித்தவன் கொஞ்ச நாள் மறைய மறுக்கிறான். அந்த மறுப்புதான் 29.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அன்று. கேள்வித்தாளில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். ஆண்டு அறிக்கையின் முதல் பக்கத்தில், இளைஞர் வேலையின்மை விகிதத்துக்குக் கீழே, இன்னும் ஒரு வரி அச்சாக வேண்டும்: இந்த வயதினரில் எத்தனை பேர் ஊதியமில்லா உதவியாளர்கள், எத்தனை பேர் முப்பது நாள் துணைத் தொழிலால் மட்டும் வேலையில் இருப்பவர்களாக எண்ணப்பட்டவர்கள் என்று. தரவு கையில் இருக்கிறது. அந்த வரி ஏறும் ஆண்டில் திறன் பயிற்சிக்கு விளம்பரம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, காலியாகக் கிடக்கும் பள்ளி, மருத்துவமனை, ஊராட்சிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். தொழிற்பழகுநர் ஊதியத்தை அரசு ஏற்று, ஆலைகள் ஆட்களை வெளியே அனுப்பாமல் பிடித்துவைக்க வழிசெய்ய வேண்டும்.

அக்கா மகன் மறுபடி சம்பளம் வாங்கியது 2022 மாசியில், கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில். இடையில் இரண்டரை வருடம். கணக்கெடுப்பவர் எங்கள் தெருவுக்கு வந்திருந்தால், மூன்று மக்காச்சோளப் பருவங்களுக்காக, அந்த இரண்டரை வருடமும் அவன் வேலையில் இருந்தவன்.