500 ரூபாவும் 2 கோடி ரூபாவும்

டனி பொயில் இயக்கிய ‘ஸ்லம்டோக் மில்லியனெயர்’ (2008), பம்பாய்ச் சேரியிற் பிறந்த ஜமால் வினாவிடைப் போட்டியொன்றில் 2 கோடி ரூபா வென்று மீளுங் கதையாகும். அவனுடைய விடைகளிற் பெரும்பாலானவை பட்ட காயங்களிலிருந்தே பிறக்கின்றன. கலவரத்தில் தாயை இழந்த நாளே இராமன் கையிலுள்ள வில்லை அவனுக்கு அறிவிக்கிறது. பிச்சையெடுப்பிக்குங் கும்பலாற் குருடாக்கப்பட்ட தோழனே 100 டொலர்த் தாளிலுள்ளவரின் பெயரைச் சொல்கிறான். பள்ளிக்கூடம் தராத அறிவைத் துன்பம் தருகிறதென்னும் இக்கருத்து வலிமையானது.

ஆயின் இறுதி வினாவுக்கு ஜமால் விடையறியான்; ஊகித்துச் சொல்லி வெல்கிறான். எல்லாம் விதிப்படி என்கிறது படம். அக்கணமே காயங்கள் யாவும் விதியின் கணக்கிற் சேர்ந்துவிடுகின்றன. காயப்படுத்தியோர் பற்றிய கேள்வி மறைந்துவிடுகிறது. (ரஹ்மானின் இசையும் அக்கேள்வியை எழவிடாது இரசிகரை இழுத்துச் செல்கிறது.) கண்ணிழந்த தோழன் சுரங்கப்பாதையிலேயே பாடிக்கொண்டிருக்க வேண்டியவன்.

மீரா நாயரின் ‘சலாம் பம்பாய்’ (1988) இத்தகைய சலுகை எதனையும் வழங்கவில்லை. சிறுவன் கிருஷ்ணாவுக்கு வீடு திரும்ப வேண்டியது 500 ரூபா மட்டுமே. தேநீர் சுமந்து அவன் சேர்த்த பணத்தைப் போதைக்கு அடிமையான நண்பனே திருடிவிடுகிறான். படம் முடிகையிற் கையிலொரு பம்பரத்துடன் தெருவிலே தனித்திருந்து அழுகிறான் அவன்.