எந்தச் சுவரை இடிப்பது?

“இந்தச் சுவர் இருக்கும் வரையில் இந்த இல்லத்தில் நிம்மதி இராது. இடித்துவிடுங்கள்!”

இப்படி ஆணையிட்டவர் கொத்தனார் அல்லர், பொறியாளரும் அல்லர். கையிலே திசைகாட்டி, நாவிலே வடமொழி, பையிலே முன்பணம் – வாஸ்து நிபுணர் என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். எதிரே கைகட்டி நின்றவர் என் நண்பர். நாலு பேருக்குப் பகுத்தறிவு பேசுபவர்தான். ஆனால், வீடு என்று வந்துவிட்டால் பலருடைய வீரம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. “செலவோடு செலவாக இதையும் பார்த்துவிடுவோமே” என்கிறார்கள். ‘இதையும்’ என்ற அந்தச் சிறு சொல்லுக்குள் எத்தனை பெரிய சரணாகதி ஒளிந்திருக்கிறது!

வீடு திருவல்லிக்கேணியில் இருக்கிறது. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய வீடு. கிழக்கு நோக்கிய வாசல். முன்னே திண்ணை, அடுத்து ரேழி, நடுவே முற்றம், அதைச் சுற்றிக் கூடம், பின்னே சமையற்கட்டு, அதற்கும் பின்னே கிணறும் கொல்லையும். “விற்றுவிட்டு அடுக்ககத்துக்குப் போ” என்றனர் உறவினர். “இல்லை, இதையே செப்பனிடுவேன். என் தாய் முதுமையை இங்கேயே கழிக்கட்டும், என் மகள் இங்கேயே வளரட்டும்” என்றார் நண்பர். பாராட்டத்தக்க துணிவு. ஆனால், துணிந்த மறுவாரமே உள்ளே நுழைந்தது திசைகாட்டி.

மேற்கே இருக்கும் சமையற்கட்டு தென்கிழக்குக்கு வரவேண்டுமாம். தென்கிழக்கு என்பது இந்த வீட்டில் தெருவோரம்! அதற்கு இடம் செய்ய ரேழிச் சுவர் போகவேண்டுமாம். கொல்லைக் கிணறு தூர்க்கப்பட வேண்டுமாம். வாசற்காலை இரண்டடி நகர்த்த வேண்டுமாம். “ஏன்?” என்று கேட்டேன். “சாஸ்திரம்!” என்றார் நிபுணர்.

சரி, சாஸ்திரத்தையே பிரித்துப் பார்ப்போம். கேள்விப்பட்டதை வைத்துக் கண்டிப்பது நமக்கு அழகல்ல.

*

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், அவந்தி நாட்டவர், வானநூல் வல்லவர். அவர் எழுதிய ‘பிருகத் சம்கிதை’யில் மனையடி பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. வாஸ்து பேசுவோர் பெருமையோடு எடுத்துக்காட்டும் பழைய நூல்களுள் அது ஒன்று.

குணம் நாடிய பிறகே குற்றம் நாடுவோம். மனைக்கு நிலம் தேர்வது எப்படி என்று நூலாசிரியர் கூறும் வழி ஒன்று அறிவுடையது. ஒரு முழ அளவில் குழி தோண்டு. தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மூடு. மண் மிஞ்சினால் நல்ல நிலம், சரியாக இருந்தால் நடுத்தரம், குறைந்தால் ஆகாது. அல்லது குழியில் நீரை நிரப்பிவிட்டு நூறடி நடந்து திரும்பி வந்து பார். நீர் குறையாதிருந்தால் நன்று. இறுகிய மண் தோண்டும்போது உதிர்ந்து பெருகும். தளர்ந்த மண் அமுங்கிக் குறையும். நீரை விரைந்து விழுங்கும் மண் சுவரைத் தாங்குவதில் ஐயத்துக்குரியது. கருவி ஏதும் இல்லாத காலத்தில் கண்ணையும் கையையும் நம்பி மனிதன் கண்ட சோதனை இது. இதை ஏளனம் செய்பவன் பகுத்தறிவாளன் அல்லன்.

ஆனால், அடுத்து வருவதைக் காணுங்கள். குழி அதே குழி. அதற்குள் சுடாத மண் அகலில் நான்கு திசைக்கு நான்கு திரியிட்டு விளக்கேற்றச் சொல்கிறார். எந்தத் திசைத் திரி நீடித்து எரிகிறதோ, அந்தத் திசைக்குரிய வருணத்தாருக்கு அந்நிலம் ஏற்றதாம்! வெண்மை, செம்மை, மஞ்சள், கருமை என நான்கு நிறப் பூக்களைக் குழியில் இட்டு வைக்க வேண்டுமாம். எந்தப் பூ வாடவில்லையோ அந்த நிற வருணத்தாருக்கு அது ஆகுமாம்! மண்ணுக்கும் நிறம் பிரித்தார், மணம் பிரித்தார். நெய் மணக்கும் மண் முதல் வருணத்துக்கு. குருதி நாற்றம் இரண்டாவதற்கு. சோற்று மணம் மூன்றாவதற்கு. கள் நாற்றம் நான்காவதற்கு! நிலத்தின் சரிவுக்கும் வருணம் உண்டு. ஆனால் முதல் வருணத்தார் மட்டும் எந்தச் சரிவிலும் குடியிருக்கலாம் என்று விதிவிலக்கும் உண்டு.

நிலத்தின் உறுதியை அறியத் தோண்டிய குழியில், மனிதனின் குலத்தைத் தேட இறங்கிவிட்டது நூல். அறிவு எந்த இடத்தில் முடிந்தது, ஆணவம் எந்த இடத்தில் தொடங்கியது என்பதைக் கோடு போட்டுக் காட்ட இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வீட்டின் அளவைப் பார்ப்போம். அரசனுக்குத் தலைமையான மாளிகை 108 முழ அகலம். நால்வருணத்துக்கு வரும்போது முதல் வருணத்துக்கு 32 முழம், அடுத்து 28, அடுத்து 24, நான்காவதற்கு 20. நான்கு நான்காக இறங்கும் இந்த ஏணி 16 முழத்தில் நிற்கிறது. அதற்கும் கீழே? ‘மிகத் தாழ்ந்தவர்’ என்று நூல் யாரைத் தள்ளுகிறதோ, அவர்களுக்கு அதனினும் சிறியது. எவ்வளவு சிறியது என்று எண் சொல்லும் அக்கறைகூட இல்லை!

குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. குழந்தை உண்டா, முதியவர் உண்டா, மாடு கன்று உண்டா என்று கேட்கவில்லை. குலம் எது என்று கேட்டுவிட்டுக் கயிற்றைப் பிடிக்கிறது. இது கட்டடக் கலையா, கட்டுப்பாட்டுக் கலையா?

இத்தனையும் சொல்லிவிட்டு, நிலத் தேர்வை முடிக்கும் இடத்தில் ஆசிரியர் ஒன்று கூறுகிறார்: யாருடைய மனம் எந்த நிலத்தில் மகிழ்கிறதோ, அது அவருக்கு நன்மை தரும்! அப்படியானால் அகலும் திரியும் பூவும் எதற்கு? நண்பரின் மனம் திருவல்லிக்கேணி வீட்டில் மகிழ்கிறது. நூலின்படியே வழக்கு முடிந்தது. நிபுணர் மட்டும்தான் முடிக்க மறுக்கிறார். ஏன் என்பது அவர் பைக்குத் தெரியும்.

*

மனையை 81 கட்டங்களாகப் பிரித்து, 45 தேவர்களைக் குடியேற்றி, தென்கிழக்கிலே சமையற்கட்டை வைக்கச் சொல்கிறது நூல். அது அக்கினியின் மூலையாம். “அதில் விஞ்ஞானம் இருக்கிறது, காற்றோட்டக் கணக்கு” என்று இக்கால வாஸ்துக்காரர் புது அரிதாரம் பூசுகிறார்.

காற்றையே சாட்சிக்கு அழைப்போம். கடலைக் காணாத உள்நாடு அவந்தி. சென்னையோ கிழக்கே கடல் கொண்ட ஊர். கோடைப் பிற்பகலில் இங்கே உடலுக்கு உயிர் தருகிற கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அந்த மூலையில் அடுப்பை வைத்தால் புகையும் வெக்கையும் தாளிப்பு நெடியும் முற்றம், கூடம், தாயின் படுக்கை எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் பின்வாசல் வழியே போகும். பெயர் அறியாத அந்தப் பழைய கொத்தனார் சமையற்கட்டை மேற்கே வைத்தார். புகை கொல்லைப்பக்கம் போயிற்று.

“எல்லாம் வடக்கிலிருந்து வந்த கேடு” என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை அறிந்து, கயிறு பிடித்து அரண்மனை வகுத்த அறிஞரைக் காட்டுகிறது. பெருமைதான்; ஆனால் அங்கும் தெய்வம் நோக்குதல் வருகிறது. அதை மறைத்துவிட்டு நிழற்கோலை மட்டும் எடுத்துக்காட்டினால் நாமும் வாஸ்துக்காரர் செய்வதையே செய்தவர்களாவோம். திண்ணை, முற்றம், கூடம் – அத்தனையும் அழகு தமிழ்ச் சொற்கள். ஆனால் யார் திண்ணையோடு நிற்கவேண்டும், யார் கூடம்வரை வரலாம், யார் கொல்லைச் சந்து வழியாக மட்டுமே வரலாம் என்று சாதி வகுத்ததும் இந்தத் தமிழ் வீட்டுக்குள்தான்.

*

பழைய வீட்டைப் புதுப்பிப்பவன் இரண்டு பட்டியல் எழுதவேண்டும். காப்பது எது? இடிப்பது எது?

மேலே பாருங்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று இந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படும் தளம். தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சாய்வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, உழைக்கும் பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த தளம் அது. அந்தப் பெண்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் தட்டிய தளம் இன்றும் நிற்கிறது. அந்தத் தளத்தின் உத்தரங்களைத் தாங்கும் சுவரைத்தான் நிபுணர் இடிக்கச் சொன்னார்!

சுவரைத் தொட்டுப் பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கும். வெளியே விட்டுவிடவும் செய்யும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும், உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். நண்பர் வீட்டில் யாரோ எப்போதோ பூசிய சிமெண்டுதான் கூடத்துச் சுவரை அழவைத்துக்கொண்டிருக்கிறது. “தோஷம்” என்றார் நிபுணர். தோஷமல்ல, சிமெண்டு!

கிணற்றைத் தூர்க்கவா சொன்னார்? 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மாடியில் விழும் நீரை வடிகட்டி நிலத்துக்குள் அனுப்பப் பழங்கிணறு கிடைத்தற்கரிய வாய்ப்பு. கோடையில் குடத்தோடு வரிசையில் நின்ற ஊரில், கிணற்றை மூடச் சொல்பவன் வீட்டுக்கு நண்பனா?

இவை காக்க வேண்டியவை. இடிக்க வேண்டியவையும் அதே வீட்டில் இருந்தன. நிபுணரின் கண்ணுக்கு அவை தெரியவேயில்லை.

சமையற்கட்டிலே சாணகல ஜன்னல். மூன்று தலைமுறைப் பெண்கள் அந்தப் புகையிலே கண்ணைக் கசக்கினார்கள். கொல்லையோரம் ஓர் இருட்டறை. மாதந்தோறும் மூன்று நாள் பெண்களை ஒதுக்கி வைத்த அறை. இன்று தட்டுமுட்டுச் சாமான் கிடக்கிறது. கொல்லைச் சுவரிலே சந்தைப் பார்த்த ஒரு சிறு வாய், செங்கல் வைத்து அரைகுறையாக அடைத்தது. அது எதற்கு என்று நண்பரின் மகள் கேட்டாள். உலர்கழிப்பிடத்திலிருந்து மனிதனின் மலத்தை மனிதன் கையால் அள்ளிச் செல்வதற்கு விட்ட வழி அது. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னும் விரிந்த ஒரு சட்டம் அந்தக் கொடுமையைத் தடை செய்தன. அந்த வாயைத் திசைகாட்டி காட்டவில்லை. 45 தேவர்களில் ஒருவரும் காட்டவில்லை. குழந்தையின் கேள்விதான் காட்டியது.

உழைப்பவரின் அறிவை இடிக்கச் சொல்லி, உயர்குல ஆணவத்தின் சின்னங்களை அப்படியே விட்டுப் போவதுதான் வாஸ்து!

*

இன்னும் ஒன்று. நண்பரின் திட்டத்தாளைப் பார்த்தேன். தாய்க்கு அறை, தமக்கு அறை, மகளுக்கு அறை. “தங்கையின் பேச்சு எங்கே?” என்றேன். “அவள் திருமணமாகிப் போனவள்தானே” என்றார். தந்தை உயில் எழுதாமல் மறைந்தவர். வீடு அவருக்குப் பின் மூவருக்கும் உரியது.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்தில் சமவுரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு தந்தது. ஆனால் அதன் 23-ஆம் பிரிவு, குடும்பம் வாழும் வீட்டை மட்டும் பிரித்துக் கேட்க, ஆண் வாரிசுகள் தம் பங்கைப் பிரித்துக்கொள்ள முன்வரும் வரையில் அவள் காத்திருக்க வேண்டும் என்றது. வயலில் பங்கு கேள், வாசலில் கேட்காதே! 1989-இல் தமிழ்நாடு, அதுவரை மணமாகாதிருந்த மகளிர்க்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கியது. 2005-இல் இந்திய அளவிலும் மகளுக்கு அவ்வுரிமை வந்தது. 23-ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. சட்டத்துக்குள் நின்ற அந்தச் சுவரை இடிக்க 49 ஆண்டுகள் ஆயின. நண்பரின் மனத்தில் அது இன்னும் நின்றது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தங்கைக்குத் தொலைபேசியில் பேசினார். மறுவாரம் அவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “ரேழிச் சுவர் இருக்கட்டும் அண்ணா. அந்த இருட்டறையை இடித்துச் சமையற்கட்டோடு சேர்த்து, பெரிய ஜன்னல் வை. அம்மாவுக்குக் கூடத்தை ஒட்டி ஒரு கழிப்பறை. பிடித்து எழக் கைப்பிடி வேண்டும். என் பங்கைப் பற்றிப் பத்திரத்தில் எழுதிவிட்டுப் பிறகு செலவைப் பேசுவோம்” என்றார். அந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் நல்ல வரைபடம் அதுதான்.

இளைஞர்களே! உங்கள் இல்லத்திலும் ஒருநாள் திசைகாட்டி நுழையும். அதை வந்தவரிடமே திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள். தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஏந்திய கொத்தனாரை அழையுங்கள். முதலில் உத்தரத்தின் முனைகள் சுவருக்குள் உளுத்திருக்கின்றனவா, கரையான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நீர் தேங்கும் இடம். பிறகு சுவரின் ஈரம். பிறகு அடுப்பின் புகை. வீட்டிலுள்ள பெண்களிடம் கேளுங்கள். மணமாகிப் போன பெண்களிடமும் கேளுங்கள். எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, எந்தச் சுவர் மனிதரைப் பிரிக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கடப்பாரையைக் கையில் எடுங்கள்.