படைக்கும் பூ, நிறுக்கும் பூ

இலங்கையின் மாத்தளை நகரிலிருந்து மேற்கே யட்டவத்தப் பக்கம் போகிறவர் தோட்டத்தைத் தேட வேண்டியதில்லை; வீடுகளே தோட்டத்துக்குள்தான் இருக்கின்றன. மேலே தென்னை, பலா, ஈரப்பலா. அவற்றின் நிழலில் கராம்பு, சாதிக்காய், கோப்பி. மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, காலடியில் இஞ்சியும் வல்லாரையும். ஆய்வாளர்கள் கண்டிய வனத்தோட்டம் என்பது இதைத்தான். ஒன்று ஓய இன்னொன்று காய்க்கும். பலாவை நினைத்தபடி வெட்டவும் முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். 2022இல் நாடு நொடித்தபோது அரசாங்கம் தன் ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னது. இப்பகுதி மக்களுக்கு அது புதுப் பாடமல்ல.

இங்கே தோட்டத்துக்குப் போய் மரக்கறி வாங்குவது, தெரிந்தவர் வீட்டுக்குப் போய்வருவது போலத்தான். பூவுக்கோ விலையே பேசுவதில்லை. போயா எனும் பௌர்ணமி நாளில் விகாரைக்கு வேண்டிய அரலியாவும் நந்தியாவட்டையும் அடுத்த வீட்டு வேலியில் பூத்திருந்தால், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறித்துக்கொள்ளலாம். படைக்கும் முன் முகரக் கூடாது என்பதைச் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வயதில் கற்றுக்கொள்கின்றன.

தமிழ்நாட்டில், திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையிலோ பூ என்பது பயிர். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி அந்த வட்டாரத்திலும் விளைகிறது. விடியுமுன்பே பெண்கள் கொல்லையில் இறங்கிவிடுவார்கள். தலையில் கட்டிய டார்ச் வெளிச்சம்தான் துணை. ஒரே கொத்தில் இன்று பறிக்க வேண்டிய வெள்ளை மொட்டும் நாளைக்கு முற்றும் பச்சை அரும்பும் ஒட்டி நிற்கும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வெள்ளையை மட்டும் கிள்ளி மடியில் போட வேண்டும். பச்சை உதிர்ந்தால் நாளைய வரும்படி போயிற்று. வெயில் ஏறினால் மொட்டு வாடும், சந்தையில் எடுபடாது. கூலி கிலோக் கணக்கில். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களில் போகும் அதே மல்லி, வரத்து மிஞ்சும் மாதத்தில் சென்ட் ஆலைக்கு அடிமாட்டு விலைக்குப் போகும். இந்த வேலையை நேரில் பார்த்தவர், பொழுதுபோக்காகப் பூப்பறிக்கக் காசு வாங்கும் பண்ணைகளை வேறு கண்ணால்தான் பார்ப்பார். அங்கே வருகிறவர் கொடுக்கும் கட்டணத்தில் பறிக்கும் பெண்ணுக்கு என்ன பங்கு என்று நான் கேட்பேன்.

கண்டி–மாத்தளைச் சாலையோரம் பயணிகளுக்காக நடத்தும் வாசனைத் திரவியத் தோட்டங்களையும் பண்ணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவை காட்சிக்கூடங்கள், மிளகு விளைவிக்கிறவரை அங்கே சந்திக்க முடியாது.

தமிழ்நாட்டிடம் மாத்தளை கற்க வேண்டிய ஒன்று உண்டு. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில், அடையாள அட்டை பெற்ற விவசாயியே கடை போடுகிறார், அன்றைய விலை பலகையில் எழுதப்படுகிறது, இடைத்தரகருக்கு இடமில்லை. மிளகையும் பாக்கையும் வாசலுக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்க நேர்கிற யட்டவத்தக் குடும்பத்துக்கு அப்படியொரு பலகை பெரிய பலம்.

ஆனாலும் இரண்டு இடத்தையும் பிரிப்பது நிலம்தான். யட்டவத்தத் தோட்டக்காரர் தன் காணியில் நிற்பதால் பூவைச் சும்மா கொடுக்க முடிகிறது. பிறர் கொல்லையில் பறிக்கும் நிலக்கோட்டைப் பெண் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். இதே மாத்தளை மாவட்டத்தின் பெருந்தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் மலையகத் தமிழர்களுக்கு இரண்டு நிலையும் இல்லை. லயத்து வாசலில் போஞ்சியும் கீரையும் போட்டிருக்கிறார்கள். அந்த மண் அவர்கள் பெயரில் இல்லை. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டானதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தபோது எழுப்பிய கோரிக்கைகளில் காணியுரிமையும் ஒன்று. இந்த மாவட்டத்தில் சமூகப் பண்ணை தொடங்க நினைப்பவர்கள் அந்த லயங்களிலிருந்து தொடங்கட்டும். முதலில் அவர்கள் பெயருக்குக் காணி உறுதி. அடுத்து உழவர் சந்தைபோல் ஓர் அட்டையும் மாத்தளைச் சந்தையில் ஓர் இடமும்.